இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளும்

சுவிட்சர்லாந்தில் எங்கள் ஆட்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால், ஊர் எது என்று கேட்ட கையோடு "என்ன எழுத்து?" என்று கேட்பார்கள். அகதியாக வந்து விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு 'என்' அட்டை. ஏற்கவும் இல்லை, இப்போதைக்குத் திருப்பி அனுப்பவும் இல்லை என்றால் 'எஃப்'. இருக்கலாம் என்றால் 'பி'. நிலையாகவே இருக்கலாம் என்றால் 'சி'. நாங்கள் நாலெழுத்துப் படித்த ஆட்கள் என்று எங்களை நாங்களே பகிடி பண்ணிக்கொள்வோம். கல்யாணம் பேசும்போது சாதகத்தோடு எழுத்தையும் பார்த்த காலம் ஒன்று இருந்தது. செவ்வாய்தோஷக்காரனுக்குக்கூடப் பெண் கிடைக்கும், எஃப்காரனுக்குக் கிடைக்காது.

நான் எஃப்காரன். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லுக்குள் பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்தவன். பிறகு பி ஆகி, சி ஆகி, கடைசியில் சிவப்பு நிறக் கடவுச்சீட்டும் வாங்கினேன். என் மனைவி சுகந்தியின் கதை வேறு. அவளை முழு அகதியாகவே ஏற்றுக்கொண்டு நீல நிறத்தில் ஒரு பயணப் புத்தகம் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு அவள் பாரிசில் கல்யாண வீட்டுக்குப் போகலாம், ரோமாபுரியில் தேவாலயம் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வரி அச்சடித்திருக்கும்: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும்.

நியாயம்தான். ஒரு நாட்டுக்குப் பயந்து ஓடி வந்தேன் என்று சொன்னவள், விடுமுறைக்கு அதே நாட்டில் போய் நின்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சுகந்தியின் பயம் பொய்யல்ல. இருபது வயதில், சீனக்குடாப் பக்கம் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளைத் திருகோணமலைத் துறைமுக வீதியில் பஸ்ஸை மறித்து இறக்கிக்கொண்டு போனார்கள். 'விசாரணை' என்றார்கள். அதை அவள் முழுதாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்தால் முதலில் எழும்பிப் போவது நான்தான்.

தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தது அக்கா தவமணி. திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லிக் கடற்கரையில் கருவாடு போடுகிற மனுசி. அக்காவை இங்கே கூப்பிடலாம் என்று பார்த்தோம். திரும்பிப் போவார் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள். சல்லியை விட்டு மட்டக்களப்புக்குப் போவதற்கே மூக்கால் அழுகிற ஆள் தவமணி அக்கா! ஆக, அக்காவுக்கு இங்கே வர வழியில்லை, தங்கைக்கு அங்கே போக வழியில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகத் தொலைபேசியில் குரல்தான், இப்போது கொஞ்சக் காலமாக அதிலேயே முகமும் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒரேயொரு வழி இருந்தது. எனக்கு இனி அகதிப் பாதுகாப்பு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, நீலப் புத்தகத்தைச் சுகந்தி திருப்பிக் கொடுக்கலாம். அவளிடமும் சி அட்டை இருப்பதால் யாரும் வெளியே போகச் சொல்லமாட்டார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு ஊருக்கும் போகலாம். ஆனால் கொடுத்தால் கொடுத்ததுதான். பிறகு பயமாக இருக்கிறது என்று அழுதாலும் திரும்பக் கிடைக்காது. என்னைப்போல் சிவப்புக்கு முயற்சி செய்யலாமே என்பீர்கள். செய்தாள். பாஷைப் பரீட்சையில் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கியதும் அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. எந்தக் கேள்வியாக இருந்தாலும் அவளுக்கு அது விசாரணைதான்.

"முதல்ல நீங்கள் போய்ப் பாருங்கோ," என்றாள். "ஆரும் வந்து விசாரிக்கினமோ எண்டு பாருங்கோ. ஒண்டையும் எனக்கு மறைக்கக்கூடாது. அதைக் கேட்டுத்தான் நான் முடிவெடுப்பன்."

சி அட்டையோடு எத்தனையோ முறை நான் போயிருக்கலாம். அவள் விட்டதில்லை. இப்போதுதான் அனுமதி கிடைத்தது. ஆற்றில் இறங்கும் முன் ஆழம் பார்க்க ஒரு கம்பு வேண்டும் அல்லவா, அந்தக் கம்பு நான்.

இலங்கை விமான நிலையத்தில் இறங்கியபோது என் கழுத்தில் ஒரு பை தொங்கியது. பழைய 'என்' அட்டை, 'எஃப்' அட்டை, கல்யாணப் பதிவு, வேலைக் கடிதம் என்று என் பிழைப்பு முழுதும் அதற்குள் இருந்தது. குடிவரவு அதிகாரி என் புத்தகத்தைத் திறந்தார். வருகைப் படிவத்தில் தங்கும் இடத்தைப் பார்த்தார். "திருகோணமலையா? கடல் இப்போது நல்ல அமைதியாக இருக்கும். குளியுங்கள்," என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் கேட்டால் விளங்கும், பேசத்தான் வராது. முத்திரை குத்தினார். அவ்வளவுதான். பையின் வாயைக்கூட நான் திறக்கவில்லை. சொல்ல வைத்திருந்த பதில்கள் எல்லாம் வாயிலேயே கிடந்தன.

திருகோணமலை பஸ் கந்தளாய்க்குக் கிட்ட வந்ததும் டயர் வெடித்தது. சுவிட்சர்லாந்தில் ரயில் கொஞ்சம் பிந்தினாலே மூன்று பாஷையில் மன்னிப்புக் கேட்பார்கள், பயணிகள் மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இங்கே ஒருவரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லோரும் இறங்கி மரத்தடிக்குப் போனோம். எதிர்க் கடையில் சட்டி சட்டியாக எருமைத் தயிர். எனக்குப் பக்கத்துச் சீட்டில் வந்த சிங்களப் பெண்மணி ஒரு சட்டியை வாங்கி, தித்திப்புக்குப் பாணியை ஊற்றி, கடைக்காரனிடம் இரண்டு கரண்டி கேட்டார். இரண்டாவது கரண்டி எனக்கு. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "தனியாகத் தின்றால் வயிற்றுக்குள் இறங்காது," என்றார். மூதூருக்குப் போகிற யாவாரி ஒருவர் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு, டயர் மாற்றுகிற சாரதிக்கு அதட்டி அதட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். பாதித் தயிர் முடிந்தபோதுதான் கவனித்தேன், அங்கே கொஞ்சத் தூரத்தில் ஒரு காவலரண் இருந்தது. அதற்குள் நின்ற சிப்பாய் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் அக்கா நின்றார். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன்ல பாக்கிறதைவிடக் கொஞ்சம் வயசு கூடத்தான் தம்பி," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பின்னால் இன்னொரு ஆள் இறங்கி வருவதுபோல் பஸ் வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வரமாட்டாள் என்று தெரிந்தும்தான் பார்த்தார்.

நான் திரியாயில் பிறந்தவன். என் ஆட்கள் ஆளுக்கொரு நாடாகப் போய்விட்டார்கள். அதனால் இந்தப் பயணத்தில் எனக்கிருந்த ஒரே சொந்த வீடு அக்காவின் வீடுதான். ஓட்டோவில் போகும்போது வழியை மறித்து நாலைந்து மான்கள் நின்றன. திருகோணமலையில் மான் என்பது வேறு ஊர்களில் மாடு மாதிரி. சாரதி ஹோர்ன் அடித்தார். ஒரு மான் திரும்பிப் பார்த்துவிட்டுக் கல்யாண அழைப்பிதழ்போல் இருந்த ஒரு காகிதத்தை மென்றுகொண்டே நின்றது. ஒரு அட்டையும் இல்லாமல் நடுரோட்டில் இவ்வளவு அதிகாரத்தோடு நிற்கிற சீவனை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அன்றைக்குப் பிட்டும், சூடை மீன் பொரியலும், தேங்காய்ப்பூச் சம்பலும். அக்கா நான் சாப்பிடச் சாப்பிடப் போட்டுக்கொண்டே இருந்தார். சுகந்திக்கு வரவேண்டிய பங்கும் என் சாப்பாட்டுக் கோப்பையில்தான் விழுகிறது என்று விளங்கியதால் நான் போதும் என்று சொல்லவில்லை. பின்னேரம் சுகந்தி தொலைபேசியில் வந்தாள்.

"ஆரும் வந்தவையோ?"

"ஒருத்தரும் வரேல்லை."

"இனித்தான் வருவினம்," என்றாள்.

அடுத்த நாள் காலை கடற்கரையில் நடந்தேன். சல்லியில் விடிகிறபோதே வேலை தொடங்கிவிடும். வள்ளங்கள் வந்து சேர, சைக்கிளில் பெட்டி கட்டிய மீன் யாவாரிகள் சூழ்ந்துகொண்டு ஏலம் போடுகிறார்கள். அம்மன் கோயில் மணி கேட்கிறது. அக்கா பாயை விரித்து, பிளந்து உப்புப் போட்ட மீனை வரிசையாகப் பரப்புகிறார். நானும் பரப்பினேன். என் வரிசை கோணல் என்று எல்லாவற்றையும் திரும்ப எடுத்து அடுக்கினார்.

அப்போதுதான் ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கட்டையாக முடி வெட்டிய, உயரமான ஆள். என் கால்கள் என்னைக் கேட்காமலே நடந்து தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன. அவர் அக்காவிடம் என்னவோ கேட்கிறார். அக்கா கையை நீட்டிக் காட்டுகிறார். பிறகு அவர் ஒரு பையில் சீலாக் கருவாடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். உப்புவெளி விடுதியொன்றில் சமையல்காரராம்.

"ஏன் தம்பி அங்க போய் நிக்கிறீங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"வெயில் அக்கா," என்றேன். நான் நின்ற இடத்தில்தான் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லக் கேட்டேன். "அக்கா, நான் வந்ததைப் பதியத் தேவையில்லையோ?"

நாங்கள் ஊரைவிட்டு ஓடிய காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் ஒரு விருந்தாளி இரவு தங்கினால் அதை முகாமிலோ பொலிசிலோ போய்ச் சொல்லிப் பதியவேண்டும். பதியாவிட்டால் பிடிபடுவது விருந்தாளி மட்டுமல்ல, சோறு போட்ட வீட்டுக்காரரும்தான். அக்காவுக்கு என்னால் ஒரு வில்லங்கம் வரக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

"சீச்சீ, இப்ப அப்பிடி ஒண்டும் இல்லை," என்றார் அக்கா. மீன் சட்டியைக் கழுவினார். கவிழ்த்து வைத்தார். திரும்ப நிமிர்த்தினார். "இல்லைத்தான். ஆனா நீங்கள் வெளிநாட்டுப் புத்தகம் எல்லோ. எதுக்கும் ஒருக்காப் போய்ச் சொல்லிப்போட்டு வந்தா மனதுக்கு நல்லம்."

ஒருவர் பயத்தை மற்றவர் வளர்த்துவிடுவதற்குச் சொந்தக்காரரைப்போல் வேறு ஆள் இல்லை. மறுநாள் காலை அக்கா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டார். நான் கழுத்துப் பையை மாட்டிக்கொண்டேன். முப்பது வருடமாக எந்த வாசலுக்குப் பயந்து இருந்தோமோ அந்த வாசலுக்கு ஓட்டோ பிடித்துப் போனோம்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் காணாமல்போன ஆட்டைப் பற்றி முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் கிண்ணியாவைச் சேர்ந்த இளம் முஸ்லிம் கான்ஸ்டபிள் ஒருவர் எங்களைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க. என்ன முறைப்பாடு?"

"முறைப்பாடு இல்லை."

"ஏதும் துலைஞ்சிட்டா?"

"ஒண்டும் துலையேல்லை. நான் வந்திருக்கிறன் எண்டு சொல்ல வந்தனான்."

"எங்க வந்திருக்கீங்க?"

"இஞ்சதான். சல்லிக்கு. அக்கா வீட்டை."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வந்தா இருங்க. அதுக்கு நாங்க என்ன செய்ற?"

"பதியோணும் எல்லோ," என்றார் அக்கா.

கான்ஸ்டபிள் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த வயதான சார்ஜன்டிடம் சிங்களத்தில் சொன்னார். அவருக்கு விளங்கியது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "விருந்தாளிகளைப் பதிகிற அந்தப் புத்தகம் இப்போது இல்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் இருந்தது. இந்தப் பிள்ளைகள் அதைக் கண்டதே இல்லை," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கி, புரட்டிப் பார்த்து, எழுந்து உள்ளறைக்குக் கொண்டுபோனார்.

கதவு சாத்திக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் நானாகப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. என் கடவுச்சீட்டு திரும்பி வராவிட்டால் நான் போகாமல் நிற்பது ஒரு பக்கம். சுகந்தி இனி உயிர் உள்ளவரைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டாள். அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

கதவு திறந்தது. பொறுப்பதிகாரி, இன்ஸ்பெக்டர், என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார். கான்ஸ்டபிளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"இந்த நாட்டுக்குப் போவதற்கு என்ன வழி?" என்று கேட்டார். கான்ஸ்டபிள் தமிழில் சொன்னார். ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்காததைப் பார்த்து, இன்ஸ்பெக்டரே விளக்கினார்: "சம்பளம் காணாது. சாமான் விலை உங்களுக்குத் தெரியும். எல்லோரும் போகிறார்கள். நீங்கள் எப்படிப் போனீர்கள்?"

தேநீர் வந்தது. நான் சொல்லத் தொடங்கினேன். 'என்' என்றால் என்ன, 'எஃப்' என்றால் என்ன, பி எப்படி, சி எப்போது, நீலப் புத்தகம் யாருக்கு, அதில் என்ன வரி இருக்கும் என்று எல்லாம். எந்த நாட்டுப் பொலிசுக்குப் பயந்து அந்த எழுத்துகளை வாங்கினேனோ அதே பொலிசுக்கு அவற்றைப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சார்ஜன்ட் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆடு தொலைத்த பெண்ணும் போகாமல் நின்று கேட்டார்.

"நான் போனால் எனக்கு எந்த எழுத்துக் கிடைக்கும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பயம் குறைந்தால் எனக்கு வாய் நீளும். "உங்களுக்குக் கஷ்டம் சேர். அங்க முதல் கேள்வியே உன்ர நாட்டில ஆருக்குப் பயம் எண்டுதான். நாங்கள் பொலிசுக்கு எண்டு சொன்னனாங்கள். நீங்கள் ஆருக்கு எண்டு சொல்லுவீங்கள்?"

கான்ஸ்டபிள் மொழிபெயர்க்கத் தயங்கினார். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். ஆனாலும் அவர் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மனைவிக்கு என்று சொன்னால்?" என்றார்.

"அதுக்கு அங்கயும் பாதுகாப்பு இல்லை சேர்."

எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜன்ட் மட்டும் அளவாகச் சிரித்தார். வாசல்வரை வந்து கடவுச்சீட்டை என் கையில் வைத்தவரும் அவர்தான். "இதைக் கவனமாக வைத்திருங்கள். தொலைந்தால் மட்டும் இங்கே வாருங்கள்," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "அம்மா, இனி யாரையும் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை," என்றார்.

வெளியே வந்ததும் அக்கா மதிற்கட்டில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்தார். நான் கழுத்துப் பையைக் கழற்றி ஓட்டோ சீட்டில் போட்டேன். பிறகு அதை ஓட்டோவிலேயே நான் மறந்துவிட, சாரதி திரும்பி வந்து தந்துவிட்டுப் போனார்.

சுகந்திக்குச் சொல்வதா விடுவதா என்று கொஞ்சம் யோசித்தேன். மறைக்கக்கூடாது என்றது நினைவுக்கு வந்தது. எல்லாம் சுகம் என்று அவளுக்கு நான் சொல்லப்போவதும் இல்லை. காணாமல் போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்த தாய்மாரை நகரத்தில் கண்டேன். அதை முதல் சொன்னேன். பிறகு, "இண்டைக்குப் பொலிசுக்குப் போனனாங்கள்," என்றேன்.

"ஆர் வந்தது? ஆர் வந்து கூட்டிக்கொண்டு போனது?" என்றாள்.

அக்கா தொலைபேசியைப் பறித்தார். "ஒருத்தரும் வரேல்லையடி. இவர்தான் போனவர்!"

முழுக் கதையையும் அக்காதான் சொன்னார். ஆட்டுக்காரப் பெண்வரைக்கும் சொன்னார். இன்ஸ்பெக்டரின் மனைவி வந்த இடத்தில் சுகந்தி சிரித்தாள். எனக்குத் தெரிந்து, ஊர்க் கதை கேட்டு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடிந்த பிறகு, "அந்த வீதியால போனீங்களோ?" என்று கேட்டாள்.

எந்த வீதி என்று நான் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் துறைமுக வீதிக்குப் போய், தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டுத் தூக்கிப் பிடித்தேன். ஒரு பக்கம் துறைமுகம், எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல். அவள் தொலைபேசியில் அடையாளம் சொன்ன மரம் அங்கே இல்லை. சொன்ன திருப்பம் இருந்தது. இளநீர் விற்கிறவர் ஒருவர் அதில் வண்டியை நிறுத்தியிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் காட்டுங்கோ," என்றாள். காட்டினேன். "இதுதான்," என்றாள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நோகத் தொடங்கியது. மாற்றிப் பிடித்தேன்.

அப்போது ஒரு பஸ் வந்தது. "சீனக்குடா, கிண்ணியா! சீனக்குடா, கிண்ணியா!" என்று நடத்துனர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"ஏறுங்கோ," என்றாள் சுகந்தி.

"எனக்கு அங்க ஒரு வேலையும் இல்லையே."

"ஏறுங்கோப்பா, பஸ் போகப்போகுது."

ஓடிப்போய் ஏறினேன். உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியையும் மறுகையால் தொலைபேசியையும் பிடித்துக்கொண்டு யன்னல் பக்கம் காட்டினேன். பஸ் திருப்பத்துக்கு வந்தது. இளநீர் வண்டி போனது. மதில் போனது. துறைமுகம் கூடவே வந்தது. சாரதி பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

"நிப்பாட்டேல்லை," என்றாள்.

"இல்லை."

"ஒருத்தரும் நிப்பாட்டேல்லை என்ன?"

"ஒருத்தரும் இல்லை சுகந்தி."

அவள் அழுதாள். நான் தொலைபேசியைக் காதோடு அணைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "நான் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கப்போறன். அக்காட்டைச் சொல்லுங்கோ," என்றாள்.

நடத்துனர் நெரிசலுக்குள்ளால் நுழைந்து வந்து என் தோளில் தட்டினார்.

"ஒராளோ?"

"இப்போதைக்கு ஒராள்," என்றேன்.